மண் படாத வால்

எங்கள் மாதா கோயிலில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் ஒரே கவுனில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். வருஷத்துக்கு ஒருத்தி, நல்ல விளைச்சல் இருந்தால் இரண்டு பேர்.

அந்தக் கவுன் பால்பவுடரோடு வந்தது. நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஜவ்வாது மலை ஏழைகளுக்கென்று வெளிநாட்டிலிருந்து மூட்டைகள் வரும். கோதுமை, பால்பவுடர், பனி கொட்டும் ஊர்களுக்குத் தைத்த கம்பளிச் சட்டைகள். அப்படி ஒரு மூட்டையில் இந்தக் கவுன் இருந்தது. களி தின்கிற ஜனங்களுக்கு அவசரமாக என்ன தேவைப்படும் என்று எங்கேயோ ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். வெள்ளைச் சாட்டின் துணி, கழுத்தில் லேஸ், முதுகு நெடுகப் பொத்தான். இடுப்புக்குப் பின்னாலிருந்து தரையில் விழுந்து மூன்று கஜ தூரத்துக்குப் புரண்டுகொண்டு வரும் ஒரு நீளம். அதற்கு அவர்கள் ஊரில் மரியாதையான பெயர் ஏதாவது இருக்கும். நாங்கள் வால் என்றோம்.

கான்வென்ட் சிஸ்டர் தெக்லா அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கல்யாணப் பெண் வந்து கேட்டால் கொடுப்பார். ஒரே சட்டம், கவுனில் கத்தரி படக்கூடாது. வெள்ளைக்காரி பனைமரம் போல இருந்திருப்பாள். எங்கள் பெண்கள் சோளத்தட்டை உயரம். முன்பக்கத்தை மடித்து ஓட்டுத் தையல் போட்டு உடுத்திக்கொள்வார்கள். பந்தி முடிந்ததும் கழற்றி, தையலைப் பிரித்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். வாலை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும், பீடத்திலிருந்து பந்தி வரைக்கும், அது மணப்பெண்ணின் பின்னால் மலையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே போகும்.

அதைத் துவைத்தது என் அம்மா.

அம்மா பெயர் அம்மாக்கண்ணு. கான்வென்டில் துவைக்கிற வேலை. எங்கள் ஊரிலிருந்து ஒரு சரிவு இறங்கி, ஓடையைத் தாண்டி, ஒரு சரிவு ஏறினால் கான்வென்ட். தினமும் போய் வருவாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மறுநாள் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போவாள். பூந்திக்கொட்டை நுரையில் வாலை ஊறப்போட்டுவிட்டு, அதைப் போட்டுக்கொண்டவளின் குலம் கோத்திரத்தையெல்லாம் சேர்த்துத் திட்டுவாள்.

"தேச்சிக்கினு போயிருக்கா பாரு கழுத. இது பந்தியாண்ட ரசத்துல இழுத்தது. இது மாட்டாண்ட. மாட்டாண்ட இவளுக்கு இன்னா வேல? நின்னு அழுதிருக்கா. அழுறதுக்கு வேற எடமே கெடைக்கல அவுளுக்கு."

கறையைப் பார்த்தே அவளுக்கு ஒரு கல்யாணம் முழுவதும் தெரிந்துவிடும். அதனால் கல்யாணங்களுக்குப் போவதை அவள் ஒரு கட்டத்தில் நிறுத்தியே விட்டாள்.

சாந்தம்மாள் என் அக்கா. அவளுக்கும் நெல்லிவாசல் பக்கத்துச் சிங்காரத்துக்கும் ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானபோது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டிருந்தாள். மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. கை மோதிரம் விரலுக்குள் புதைந்துபோய், ஆசாரியைக் கூட்டி வந்து வெட்டி எடுத்தோம். வேலூருக்கு ஜீப்பிலும் பஸ்ஸிலுமாகக் கொண்டு போனதில் டாக்டர், இருதயம் பெருத்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் திருப்பத்தூரில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். சரித்திரம் படித்தவனுக்கும் அந்த வாக்கியம் புரிந்தது. அம்மாவுக்கு அதற்கு முன்னாலேயே புரிந்திருந்தது. கல்யாணத்தை அடுத்த தை மாசத்திலிருந்து இந்த ஆவணிக்கு முன்னால் இழுத்தவளே அவள்தான்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது நான் ஹாஸ்டலிலிருந்து வந்தேன். அம்மாவைக் கட்டிலில் முதுகுக்கு இரண்டு மூட்டைச் சாமையை அண்டக் கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும்.

"சிஸ்டரு கவுன் குடுக்குறாங்களா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"குடுக்குறாங்க."

"எனக்குக் காட்டு."

"நீ எப்டிம்மா கோயிலாண்ட வருவ?"

"நான் எதுக்கு வர்றது? அது வரட்டும். எத்தினி வாட்டி நான் அத்தத் தேடிக்கினு போயிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் பேச மூச்சில்லை. அக்கா வெளியே வந்து கோழிக்கூண்டு மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கவுனோட வூட்டுக்கு வரணும்டா ரங்கா. அம்மா பாக்கணும். எத்தினி பேருக்கு அலசிப் போட்டுச்சி. நான் போட்டுக்கினு ஒருவாட்டி அது பாக்கணும்."

"சரி, வா."

"வால வச்சிக்கினா?"

அதுதான் சங்கடம். கவுனைப் போட்டுக்கொண்டு யாரும் கோயில் காம்பவுண்டைத் தாண்டியதே கிடையாது. இப்போது அதை இரண்டு சரிவும் ஒரு ஓடையும் தாண்டி, ஆவணி மழையில் குழைந்து கிடக்கும் செம்மண்ணில், மாட்டுத்தடத்தில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். துவைக்கவும் ஆளில்லை. அம்மாவுக்குப் பதிலாகக் கான்வென்டில் சேர்ந்திருந்த பெண் துணியைச் சலவை செய்யமாட்டாள், தண்டிப்பாள்.

அக்காவும் நானும் போய் சிஸ்டர் தெக்லாவிடம் கேட்டோம். அவர் மலையாளத்துக்காரர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர், பேசும்போதும் பக்கம் புரட்டுவது போல இருக்கும்.

"இது ஆலயத்தின் உடைமை, சாந்தா. அடுத்து வரும் பிள்ளைகளும் அணிய வேண்டும்."

"தெரியும் சிஸ்டர்."

"அம்மாக்கண்ணுவின் கைகள் இல்லாமல் சேற்றுக்கறையை யார் போக்குவது?"

அம்மா அவரிடம் பதினைந்து வருஷம் வேலை செய்தவள். அவருடைய அங்கிகளை வேறு யாரும் வெளுத்ததில்லை. இப்போது அவர் போட்டிருந்தது பழுப்பாக இருந்தது.

"ஒரு பொட்டு மண் படாமல் கொண்டுபோய்க் கொண்டு வர முடியுமானால்," என்றார் கடைசியில், "கொண்டுபோ."

சாவியைக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கான்வென்டின் தையல் அறையில் பாயை விரித்து, அதன்மேல் சிஸ்டரின் மேஜை விரிப்பை விரித்து, அதன்மேல் கவுனைக் குப்புறப் போட்டோம். வாலைத் தூக்கி எங்கேயாவது கட்டியாக வேண்டும். என் முதல் யோசனை, பெரிய ஊக்குகளாக நாலு குத்திவிடுவது. சாட்டின் ஒரு தடவை கிழிந்தால் கிழிந்துகொண்டே போகும் என்று அக்கா என் முதல் யோசனையைத் தள்ளிவிட்டாள். இரண்டாவது, வாலைச் சுருட்டிப் பந்தாக்கி நான் பின்னாலேயே தூக்கிக்கொண்டு நடப்பது. "சரிவுல நீயே நாலுவாட்டி வுழுவ," என்றாள்.

வாலை உள்பக்கம் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தோம். வாலின் நடுவில், அடிப்பக்கமாக, ஒரே வரிசையில் ஐந்து நூல் வளையங்கள். அவை எங்களுக்குப் புதிதல்ல. அம்மா அவற்றுக்குள் கயிற்றைக் கோத்துத்தான் கவுனைக் காயப்போடுவாள். காயப்போடுவதற்கென்றே வெள்ளைக்காரி வைத்துத் தைத்திருக்கிறாள், புத்திசாலி என்று அவளைப் பாராட்டியும் இருக்கிறாள்.

அக்கா ஒரு வளையத்தைப் பிடித்து மேலே தூக்கி இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். இடுப்புக்குக் கீழே துணியில் ஒரு சின்னக் குழிவு, அதில் அறுந்த நூல் முனை. அடுத்த வளையத்தைத் தூக்கினாள். அங்கேயும் ஒன்று. ஐந்துக்கு ஐந்து.

"ஏண்டா, இங்க பொத்தான் இருந்திச்சே. துணி சுத்துன பொத்தான், மொச்சக்கொட்ட மாதிரி."

"இருந்திச்சி."

"எங்க அதெல்லாம்?"

எங்கே போயின என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். எதையும் மூடாமல் எதையும் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்த பொத்தான்கள் அவை. பூசைக்கு உதவும் பையன்களின் கால்சட்டைகளில் பொத்தான் அறுந்தபோதெல்லாம் சிஸ்டர் அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தைத்துவிடுவார். அதில் ஒன்று என்னுடைய மானத்தை இரண்டு வருஷம் காப்பாற்றியது. வாலைத் தூக்கி மாட்டத்தான் வெள்ளைக்காரி அந்தப் பொத்தான்களை வைத்திருந்தாள். நாங்கள் பொத்தான்களைக் கால்சட்டைக்கும் வளையங்களைக் கயிற்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, வாலை அம்மாவுக்குக் கொடுத்திருந்தோம்.

"இத்தினி வருசமா அம்மா சும்மா தொவைச்சிருக்குது," என்றாள் அக்கா. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கல்யாணச் சாமான் வாங்கப் போளூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிங்காரம் மாமாவிடம் பொத்தானுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வருவதற்குள் அக்கா வளையங்களைப் புதிதாகப் போட்டாள். கயிறு ஏறி இறங்கிப் பழைய நூல் இற்றுப்போயிருந்தது. நாலு இழை நூலை மெழுகில் இழுத்து வளையமாக ஓட்டி, அதன்மேல் காஜாத் தையலை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். பொத்தான் எந்த இடத்தில் வர வேண்டும், வால் தூக்கினால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைக் கவுனை ஒருத்தர் போட்டுக்கொண்டு நின்றால்தான் பார்க்க முடியும். தைக்கிறவளே போட்டுக்கொண்டால் முதுகுக்குப் பின்னால் கண் வேண்டும். அந்த அறையில் மிச்சமிருந்தவன் நான். அக்காவும் நானும் ஒரே உயரம்.

சிங்காரம் மாமா உள்ளே வந்தபோது நான் லேஸ் கழுத்தும் புது மீசையுமாக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பின்னால் முட்டிபோட்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். தோளில் அரிசி மூட்டை இருந்தது. அதை இறக்க மறந்துவிட்டார்.

"இன்னா மாமா அப்டிப் பாக்குற?" என்றேன். "புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவசரப்படுகிற சுபாவம் அவருக்கு இல்லை.

"கலரு கம்மிதான்," என்றார். "சமைக்கத் தெரியுமா?"

"பி.ஏ. படிக்கிறேன்."

"அப்ப வாணாம். மூத்தவளையே கட்டிக்கிறேன்."

"ஆடாதடா," என்று அக்கா என் இடுப்பில் ஊசியால் குத்தினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

மாமா கொண்டுவந்திருந்தவை சட்டைப் பொத்தான்கள். வெள்ளையாக, மெல்லிசாக, நல்ல பொத்தான்கள். ஐந்தையும் வைத்துத் தைத்து, வாலைத் தூக்கி வளையங்களை மாட்டி, "நட," என்றாள் அக்கா. அறைக்குள் மணப்பெண் போல ஒரு சுற்று நடந்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு பொத்தான் டப்பென்று உடைந்து மிஷின் மேல் விழுந்தது. பாரம் மற்றதன் மேல் ஏறி, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பொத்தான் மாமாவின் நெற்றியில் பட்டது. வால் சரிந்து தரையில் பரவியது.

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. இதுவரை விளையாட்டாக இருந்தது போய், நாளைக் காலையில் பூசை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"வாணாம் சாந்தா," என்றார் மாமா. "பொடவையில வந்து காட்டிக்கலாம். அத்த இன்னா கோவிச்சிக்கப்போறாங்க?"

"கோவிச்சிக்காது," என்றாள் அக்கா. "அதுக்கு எங்க மூச்சி இருக்குது கோவிச்சிக்க."

எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனாள். மலையில் எந்த வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னாலும் கொட்டிக்கிடப்பது புளியங்கொட்டை. ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். அதில் குண்டாக இருந்ததாக ஐந்தைப் பொறுக்கி, பழைய பூசை அங்கியிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுத்த வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்து முறுக்கி, கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றினாள். மொச்சைக்கொட்டை போலவே இருந்தது. கவுனின் உள்பக்கம் பாவாடை நாடாவைக் குறுக்கே ஓடவிட்டு, பொத்தானின் பாரம் சாட்டின்மேல் விழாமல் நாடாவின்மேல் விழும்படி சேர்த்துத் தைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மாமா அரிசி மூட்டையைக் கடைசியில் இறக்கி வைத்துவிட்டு ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தார். அவருடைய விரல்கள் மரம் அறுக்கிற விரல்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பூசை நேரம் ஆனது.

அப்புறம் நான் தையல் அறையில் நடந்தேன், தாழ்வாரத்தில் நடந்தேன், படி ஏறி இறங்கினேன், மாமா சொன்னதன் பேரில் ஒருமுறை குதித்தும் பார்த்தேன். வால் இடுப்புக்குப் பின்னால் மூன்று மடிப்பாக, அடைகாக்கிற கோழியைப் போல உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. சிஸ்டர் தெக்லா தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பூசை நன்றாக நடந்தது. அப்பா காலமாகி வெகு வருஷமாகிவிட்டதால் அக்காவைப் பீடம் வரைக்கும் நான் அழைத்துப் போனேன். முதல் நாள் பூராவும் அந்தக் கவுனுக்குள் இருந்தவன் என்பதால் எங்கே பிடிக்கும், எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும். "கழுத்தக் கொஞ்சம் தூக்கிக்கோ," என்று காதில் சொன்னேன். தாலி கட்டினார்கள். பந்தி போட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து மழைக்குப் பயப்படாமல் சாப்பிடக் கூடியவர்கள் சாப்பிட்டார்கள். நாங்கள் கிளம்பினோம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் தாய்வீட்டில் நின்று போகலாம் என்று மாமா தன் சொந்தக்காரர்களிடம் பேசி வைத்திருந்தார். மேளக்காரர் இரண்டு பேர், மாப்பிள்ளையின் அத்தை மங்கம்மாள், இன்னும் பத்துப் பேர் பின்னால் வந்தார்கள். அக்கா முன்பக்கத்தை இரண்டு கையாலும் கணுக்கால் தெரியத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, சரிவில் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். பின்பக்கத்தைப் புளியங்கொட்டைகள் பார்த்துக்கொண்டன. ஓடையில் மாமா அவளைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். மங்கம்மாள் அத்தை, "எங்க காலத்துல இந்தக் கூத்தெல்லாம் இல்ல," என்றாள். உங்களைத் தூக்க உங்கள் வீட்டுக்காரருக்குத் தெம்பு இருந்திருக்காது என்று நான் சொல்ல வந்து, நல்ல நாளாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வெளியே நின்று அக்காவைச் சுற்றிவந்து பார்த்தேன். பாதத்திலிருந்து கணுக்கால் வரை செம்மண். கவுனில் ஒரு பொட்டு இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் காலையிலிருந்து அம்மாவோடு இருந்தாள். அம்மாவுக்குத் தலைவாரி, நல்ல புடவை கட்டிவிட்டு, சாமை மூட்டையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அக்கா குனிந்து உள்ளே போனாள். எங்கள் வீட்டு வாசல் வெள்ளைக்காரிகளை மனதில் வைத்துக் கட்டியதல்ல.

அம்மா பார்த்தாள். கழுத்து லேஸ், தாலி, கை, இடுப்பு என்று நிதானமாக இறங்கி வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நல்லாருக்குதுடி," என்றாள். அப்புறம், "கிட்ட வா," என்றாள். அக்கா கட்டிலை ஒட்டி நின்றாள். அம்மா வீங்கிய கையை நீட்டிக் கவுனின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் திரும்பச் சொன்னாள்.

"மண்ணு எங்க?"

"மண்ணே இல்லம்மா," என்றேன். சாதித்தவன் குரலில்தான் சொன்னேன். "வாலத் தூக்கிக் கட்டிட்டோம். நீ கோத்துக் காயப்போடுவியே, அந்த வளையம் அதுக்குத்தானாம்."

அம்மா அந்த மூன்று மடிப்பையும் பார்த்தாள். ஒரு பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்டி ஒண்ணு இருந்திருக்குதா," என்றாள். ஓரத்தைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். "சரி. அப்ப ஒண்ணும் வேல இல்ல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் மாதிரித் தெரியவில்லை. பந்தியில் தன் இலையை மட்டும் விட்டுவிட்டுப் பரிமாறிக்கொண்டு போனால் ஒருத்தர் முகம் எப்படி ஆகும், அப்படி.

எனக்குப் புரியவில்லை. பெரியம்மாள்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து அகல வாய் அலுமினியக் குண்டானை இழுத்தாள். அதில் பூந்திக்கொட்டை ஊறி, தண்ணீர் பழுப்பு நுரையாக இருந்தது.

"காலையிலருந்து உயிர எடுத்துட்டா," என்றாள். "ஊற வெய்யி, ஊற வெய்யி, எம்பொண்ணு கவுனு வருது, அத்தினி பேருக்கும் அலசினேன், எம்பொண்ணுக்கு அலசலன்னா எப்டின்னு. நான்தான் ஓடையாண்ட போயி தண்ணி எடுத்தாந்தேன். கெணத்துத் தண்ணி ஒத்துக்காதாமே அந்தத் துணிக்கு."

வெளியே மேளக்காரர் ஒருத்தர் தோலைக் காயவைக்க நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பொத்தானைத் தேடினாள். போட்டுக்கொண்டவளுக்கு எட்டாத இடத்தில்தான் அந்தப் பொத்தான்கள் இருந்தன. "அவுத்து வுடுடா," என்றாள்.

"சிஸ்டருக்கு இன்னா சொல்றது?" என்றார் சிங்காரம் மாமா. கேட்டுக்கொண்டே குனிந்து முதல் வளையத்தை அவரே கழற்றினார்.

ஐந்தையும் கழற்றினோம். வால் கனத்து விழுந்து எங்கள் சாணி மெழுகிய தரையில் வாசல் வரைக்கும் நீண்டது. அக்கா அதை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் விலகி நின்றார்கள். அவள் முற்றத்தைத் தாண்டி, தண்ணீர்ப்பானை வைக்கிற இடத்துச் சேற்றில் நடந்து, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். எங்களுக்கு முதுகு காட்டி நின்றதால் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தாள். "பொண்ணுக்குப் புத்தி பெசகிடுச்சா சிங்காரம்?" என்று மங்கம்மாள் அத்தை கேட்டாள். மாமா, "ஆமா அத்த," என்றார்.

வால் முழுக்கச் சிவப்பாகி உள்ளே வந்தது. அம்மா பார்த்தாள்.

"கழுத," என்றாள். குரல் பழைய குரல். "கண்ணு எங்க வச்சிக்கினு நடந்த? மாட்டாண்ட உனுக்கு இன்னாடி வேல?"

"தெரியாம போயிட்டேம்மா."

"தெரியாம போறாளாம். குண்டானைக் கிட்ட நவுத்து."

குண்டானைக் கட்டில்மேல் தூக்கி அவள் மடிக்குப் பக்கத்தில் வைத்தோம். அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அம்மா வாலின் ஒரு முனையை நுரையில் அமுக்கி, உள்ளங்கையில் வைத்து, மற்ற கையின் கட்டைவிரல் அடியால் மெல்லத் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். நான் ஒரு கை கொடுக்கப் போனேன்.

"கசக்காத. இது பட்டு மாதிரி, கசக்குனா நூலு செத்துடும். கல்லுல மட்டும் தேச்சியோ, கைய ஒடிச்சிடுவேன். போ, படிச்சவனே, அந்தாண்ட போ."

ஒரு சாண் வெளுப்பாள். நிறுத்துவாள். வாய் திறந்து மூச்சை இழுப்பாள். மறுபடி ஒரு சாண். நடுநடுவே திட்டு. அக்கா திட்டு வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பொட்டுக்கு மேல் வியர்வை, கண்ணை மட்டும் துடைக்கவில்லை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மங்கம்மாள் அத்தை இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை வந்தபோது உள்ளே வந்து, குண்டானில் தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாதி வெளுத்தது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் செம்மண். அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"மீதிய நாளைக்குத் தொவைக்கிறேன்," என்றாள். "அவுத்து வச்சிட்டுப் போ. வெளக்கு வெக்கிறதுக்குள்ள போவணும் நீ."

அக்கா கவுனைக் கழற்றிவிட்டுக் கூறைப்புடவை கட்டிக்கொண்டு போனாள். மேளச் சத்தம் மேட்டைத் தாண்டும்வரை அம்மா தலையை அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

மறுநாள் அம்மா கண் திறந்திருந்தது, ஆனால் கை எழவில்லை. சாமை மூட்டையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் விழி என் பக்கம் வந்து போயிற்று. பெரியம்மாள் அக்காவுக்கு ஆள் அனுப்பப் போனாள்.

நான் குண்டானைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, அவள் பார்க்கும்படி உட்கார்ந்து, மீதியைத் துவைக்க ஆரம்பித்தேன். முதலில் அவள் செய்தது போலவே உள்ளங்கையில் வைத்துத் தள்ளித் தள்ளித் தேய்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கொஞ்சம் கசக்கினேன். திட்டு வருமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வேகமாகக் கசக்கினேன்.

பிறகு வெளியே போய், முற்றத்துத் துவைகல்லை உருட்டி உள்ளே கொண்டு வந்து போட்டேன். அந்த வெள்ளைச் சாட்டினைக் கல்லின்மேல் வைத்து, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக, தேய்த்தேன்.